மனுதாரர் கனகா

பூமிகா அந்தச் சேதியைச் சொன்னபோது கனகா இடுப்பளவு சம்பா நெல்லுக்குள் நின்று உளுந்து தெளித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் தை மாதம் நெல் பழுத்துத் தலைசாய்ந்து நிற்கும்போதே அதற்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். தண்ணீரை வடித்துவிட்டு, மண் மெழுகு மாதிரி ஆனதும் விதை விழவேண்டும். காலை வைத்தால் தடம் பதியணும், சேறு காலோடு வரக்கூடாது. முந்தினால் விதை அழுகிவிடும். பிந்தினால் மேலாக்கக் கிடந்து புறாவுக்குத் தீனியாகும். அவள் புருஷன் வீரையன் வீட்டில் இருந்தவரை இந்தப் பதம் பார்க்கிற வேலை அவனுடையது. அவன் விட்டுவிட்டுப் போன பிறகு, நாலு வருஷமாகக் கனகாவே பார்க்கிறாள். நிலம் அவள் அப்பா அவளுக்கு எழுதிவைத்த ஆறு மா, இரண்டு ஏக்கர். ஒரத்தநாட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

பனி இன்னும் விலகவில்லை. கதிரில் இருந்த ஈரமெல்லாம் சேலையில் ஏறி, அவள் நடக்க நடக்க முந்தானை கனத்தது. வரப்பில் நின்ற பூமிகா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். தஞ்சாவூரில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். பொங்கல் லீவு முடிந்து அன்று கிளம்பவேண்டும்.

"யம்மா, அப்பா ஒங்கிட்ட ஒண்ணு கேக்கச் சொல்லுச்சு."

வீசப் போன கை அப்படியே நின்றது.

"எந்த அப்பா?"

"எனக்கு எத்தன அப்பா இருக்காங்க?"

"எப்பப் பாத்த?"

"பாப்பேன். எப்பயாச்சும். காலேஜு வாசல்ல வந்து நிக்கும்." பூமிகா வரப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ரெண்டு பேரும் சேந்து மனுக் குடுத்தாச் சீக்கிரம் விவாகரத்து கெடச்சிருமாம். நீ வக்கீலுன்னு தனியா யாரையும் வைக்க வேணாமாம். அவங்க வக்கீலே ரெண்டு பேருக்கும் எழுதிருவாராம். நீ வந்து கையெழுத்து மட்டும் போட்டாப் போதுமாம்."

கனகா கையிலிருந்ததை வீசினாள். ஒரே இடத்தில் கொத்தாக விழுந்தது. அவள் அப்படித் தெளிக்கிறவள் இல்லை.

"அங்க போனியா? அந்த வீட்டுக்கு?"

"ஒரு தரம் போனேன்."

"சாப்புட்டியா?"

"கெளுத்தி மீன் கொழம்பு வச்சிருந்தாங்க."

"அவ வச்சாளா?"

"அவங்கதான் வச்சாங்க. அப்பா மீன் கழுவிக் குடுத்துச்சு."

கனகா கூடையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நெல்லுக்குள் நடக்க ஆரம்பித்தாள். மகள் கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை. அந்தக் கரை போய்த் திரும்பி வந்த பிறகுதான் கேட்டாள்.

"மீன் கழுவுச்சா? ஒங்கப்பனா?"

"ஆமாங்குறேன்ல."

"சாம்பல் போட்டா?"

"யம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா."

*

பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். வீரையன் டிராக்டர் ஓட்டினான். அடித்தான் என்று சொல்ல முடியாது, குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தான் என்றும் சொல்ல முடியாது. வாயைத் திறக்கமாட்டான், அவ்வளவுதான். வருவான், சாப்பிடுவான், தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். "உப்பு" என்று ஒரு சொல் வந்தால் அன்றைக்குப் பேச்சு நடந்தது என்று அர்த்தம். சிக்குன்குனியா வந்து கனகா கை கால் மடக்க முடியாமல் கிடந்தபோது, அவன் கடைத்தெருவில் இட்லி தின்றுவிட்டு வந்தான். அவளுக்கும் பொட்டலம் வாங்கி வரவேண்டும் என்று தோன்றியிருக்கவில்லை. பக்கத்து வீட்டில்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள்.

ஆம்பளை என்றால் இப்படித்தான் என்று கனகா இருந்துவிட்டாள். திருவையாற்றுப் பக்கம் வாழைக்கொல்லையில் வண்டி ஓட்டப் போனவன், அங்கே இலை அறுக்கிற வானதியோடு தங்கிவிட்டான் என்று தெரிந்தபோதுகூட, அழுத அழுகையில் பாதி ஊருக்காகத்தான். அந்த வானதியும் சுவரைப் பார்த்தே சாகட்டும் என்று மனதுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது.

இப்போது அந்த ஆறுதலும் போய்விட்டது. மீன் கழுவுகிறானாம்.

அடுத்த நாள் தெருவில் மீன்காரர் வந்தபோது குறவை வாங்கினாள். அடுப்புச் சாம்பலைப் போட்டு மண்சட்டியில் உரசும்போது அவன் கை கண்ணுக்குள் வந்தது. கிரீஸ் படிந்த நகம், பெருவிரலில் வெட்டுத் தழும்பு. அந்தக் கை மீனைச் சாம்பலில் உரசுகிறது. பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து புளி கரைக்கிறாள். சிவப்பாக இருப்பாள். கன்னம் உப்பி, தலையில் பூ வைத்து, முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கனகா உரசிய உரசலில் மீன் வால் பிய்ந்து வந்தது. அன்றைக்குக் குழம்பு வைக்கவில்லை. சட்டியோடு கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

*

அண்ணன் செல்லத்துரைக்குச் சேதி தெரிந்ததும் உரக்கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். தங்கைக்கு ஒன்று என்றால் கைலியை மடித்துக் கட்டிக்கொள்கிறவர்.

"கையெழுத்தா கேக்குறான்? வக்கீல் வைக்க வேணாமாமா? அதெப்புடி, வேலியத் தாண்டுனதும் அவன், கதவத் தெறக்கச் சொல்றதும் அவனா? நீ போடாத. வக்கீல் வச்சு இழுப்போம். அவன் சாவுற வரைக்கும் இழுப்போம்."

"வக்கீலு வேணுமாண்ணே?"

"பின்ன? வா, இப்பவே போவோம்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செல்போன் கடை மாடியில் இருந்தது வக்கீல் குந்தவையின் ஆபீஸ். ஐம்பது வயதுக்காரி. அவர்கள் போனபோது டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தில் கை வைத்திருந்தார். "உக்காருங்க, சாப்புட்டுக்கிட்டே கேக்குறேன், கோச்சுக்காதீங்க" என்றார். எல்லாவற்றையும் செல்லத்துரைதான் சொன்னார். வக்கீல் கனகாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சம்மதிக்கலைன்னா அவரால லேசுல வாங்க முடியாதும்மா. தப்பு அவரு பக்கம். வருஷக்கணக்காப் போவும்."

"அப்புறம் என்ன?" என்றார் செல்லத்துரை.

"அந்தப் பொம்பள அதுவரைக்கும் அவரு பொண்டாட்டி கெடையாது, அப்புடித்தானேங்க?" கனகா முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"சட்டப்படி இல்ல."

கனகாவுக்கு மூச்சு நிம்மதியாக வந்தது. அது முகத்தில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. வக்கீல் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒனக்கு அவரு திரும்பி வேணுமா?"

"சீ" என்றாள் கனகா.

"அப்ப என்னா வேணும்?"

கனகா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். வக்கீல் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒங்களக் கேக்கலங்க. இந்தாம்மா, எனக்கு வக்காலத்துல கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் நான் பாட்டுக்குக் கேஸ நடத்துவேன். நடுவுல வந்து அழுவக் கூடாது. வீட்டுக்குப் போயி யோசி. என்னா வேணும்னு தெரிஞ்சதும் வா. வேணாம்னு தோணுனா வராமயே இரு."

படி இறங்கும்போது செல்லத்துரை முணுமுணுத்தார். "வக்கீலா இது? வர்ற கேச வேணாங்குது."

*

ஒரு வாரம் கழித்துப் பெல்ட் மிஷின் வந்து நெல்லை அறுத்துக் கொடுத்தது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, முறை வரும்வரை தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாகக் காவல் இருந்தாள். அங்கே உட்கார்ந்திருந்தபோதெல்லாம் அவன் மீன் கழுவுகிறதுதான் மனதுக்குள் ஓடிற்று. மேகம் கூடினால் ஓடித் தார்ப்பாயை இழுப்பாள். மேகம் கலைந்தால் மீன்.

நெல் போட்டு முடித்த மறுநாள் காலையில், யாரிடமும் சொல்லாமல் தஞ்சாவூர் போய், அங்கிருந்து திருவையாறு பஸ் ஏறினாள். பார்க்கவேண்டும். அந்த ஆள் மீன் கழுவுகிறதை ஒரு தரம் கண்ணால் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு அப்புறம் வக்கீலா, கையெழுத்தா என்று முடிவு பண்ணிக்கொள்ளலாம்.

காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இறங்கி, கேட்டுக் கேட்டுப் போனாள். ஆற்றங்கரையை ஒட்டி இரண்டு பக்கமும் வாழை. ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை. அதற்குள் இலை மலைபோல் குவிந்து கிடந்தது. எதிரே டீக்கடை. கனகா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டீக்கடை பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தாள்.

கொட்டகைக்குள் ஒருத்தி இலையைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நுனி இலை ஒரு பக்கம், நுனியில்லாத ஏடு ஒரு பக்கம். கிழிந்ததைத் தூக்கிப் பின்னால் எறிந்தாள். அவளைத் தாண்டி உள்ளே பார்த்தாள் கனகா. சிவப்பாக, பூ வைத்தவள் யாரும் இல்லை. அந்த ஒருத்திதான். கறுத்து வற்றிய உடம்பு, தடித்த மூக்குக்கண்ணாடி, முன்னந்தலை முழுக்க நரை. கனகாவைவிட மூன்று நாலு வயதாவது மூத்தவளாக இருப்பாள்.

கனகாவால் இதைத் தாங்க முடியவில்லை. அழகியாக இருந்திருந்தால் ஆம்பளைப் புத்தி என்று காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம்.

கொல்லைக்குள்ளிருந்து வீரையன் தலையில் இலையோடு வந்தான். இறக்கிப் போட்டான். டீக்கடைக்கு வந்து பார்சல் டீ வாங்கினான். கனகா முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவன் திரும்பிப் போனதும் பார்த்தாள். டீயை டம்ளரில் ஊற்றி, இன்னொரு டம்ளரை எடுத்து ஆற்றினான். சூடு பார்த்துவிட்டு மறுபடி ஆற்றினான். அடுக்கிக்கொண்டிருந்தவளின் கை இலைப்பாலில் கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. அவள் சேலையில் துடைத்துக்கொள்ளும்வரை டம்ளரைப் பிடித்தபடி நின்றான். நின்றுகொண்டே ஏதோ சொன்னான். நிறுத்தாமல் சொன்னான். கையை விரித்து, யாரோ நடப்பதுபோல் நடந்து காட்டினான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வீரையன் சிரித்தான். பல்லெல்லாம் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தான்.

அவனுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பது கனகாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வண்டி வந்து இலைக்கட்டு ஏற்றியதும் வீரையன் அதோடு போய்விட்டான். கனகா எழுந்திருக்கவில்லை. கொட்டகையிலிருந்து அந்த வானதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நேராக இவளிடம் வந்தாள்.

"பூமிகா அம்மாதானே? அதே மூஞ்சி. வந்ததுலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வாங்க, நெழல்ல வந்து உக்காருங்க."

"ஒன் வீட்டுக்கு விருந்தாட வரல."

"வீடு அங்க தெக்கால இருக்கு. இது கொட்டாயி. உக்காந்தா ஒண்ணும் ஆயிடாது."

போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது. வானதி அவள் பக்கம் ஒரு கோணியை விரித்துப் போட்டுவிட்டு மறுபடி இலையை எடுத்தாள்.

"அவருகிட்டச் சொல்லிருக்கேன், பொண்ண விட்டுக் கேக்காதீங்க, நீங்களே போயிக் கேளுங்கன்னு. பயப்புடுறாரு."

"என்னா அவசரம் இப்ப? நாலு வருஷமா இல்லாதது?"

"என் தங்கச்சி மவ கல்யாணம் வந்துச்சு. பந்தியில சாம்பார் வாளிய எடுத்தேன். சம்பந்தி வீட்டுக்காரவங்க வந்து வாளிய வாங்கி வச்சுட்டாங்க. வாயால ஒண்ணும் சொல்லல. வாங்கி வச்சுட்டாங்க." வானதி கிழிந்த இலை ஒன்றைப் பின்னால் எறிந்தாள். "அறியாத வயசுல தாலி அறுத்தவ நான். எத்தனையோ கேட்டாச்சு. அது மட்டும் மனசுல நின்னு போச்சு."

கனகாவுக்கு அதில் இரக்கம் வரவில்லை. வாளியை வாங்கி வைத்த கைகள் யாருடையதோ, அவை நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் கேட்டது வேறு.

"ஒங்கிட்ட பேசுமா அது?"

"யாரு, அவரா? வாய மூடுனாத்தானே. தலைவலியா வருது."

"என்னா பேசும்?"

"என்னத்தையாச்சும். ஆத்துல தண்ணி வந்தா அதப் பத்தி, டீக்கடையில எவனாச்சும் சண்ட போட்டா அதப் பத்தி." வானதி நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், அங்க பேசமாட்டாரா?"

அந்தக் கேள்வியில் கேலி இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அதுதான் கனகாவின் நெஞ்சில் குத்தியது. எழுந்துகொண்டாள். அதற்குள் வண்டி திரும்பி வந்துவிட்டது. வீரையன் ஏதோ சொல்லிக்கொண்டே இறங்கினான். "இந்தாம்மா, அந்த மார்க்கெட்டுல..." என்று வாய் நிறையச் சிரிப்போடு கொட்டகைக்குள் குனிந்தான். கனகாவைப் பார்த்தான்.

அவள் கண்முன்னாலேயே அந்த முகம் மூடிக்கொண்டது. வாய் ஒட்டிக்கொண்டது, தாடை இறங்கியது, கண் தரைக்குப் போயிற்று. பத்தொன்பது வருஷம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த அதே ஆள் அங்கே நின்றான்.

"எப்ப வந்த?" என்றான்.

"ஏங்க," என்றாள் கனகா. குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. "எங்கிட்ட ஒரு நா இப்புடிச் சிரிச்சிருக்கீங்களா?"

அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"நீயுந்தான் சிரிச்சதில்ல."

*

தஞ்சாவூர் வரும்வரை பஸ்ஸில் அந்த ஒரு வார்த்தையோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தாள். நான் சிரித்ததில்லையா? கல்யாணமான புதிதில் சிரித்திருப்பேன். பூமிகா பிறந்தபோது? யாரைப் பார்த்துச் சிரிப்பது, சுவரையா? பொய் சொல்கிறான் என்று சொல்லிப் பார்த்தாள். முழுப் பொய் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதற்கும் சேர்த்து வானதியின் மேல்தான் ஆத்திரம் வந்தது. பேசத் தெரிந்த ஆளை அவள் வைத்துக்கொண்டு, தலைவலி என்கிறாள்.

அண்ணன் வாசலில் காத்திருந்தார்.

"எங்க போயிருந்த? நாளைக்கே போயி வக்காலத்துல கையெழுத்துப் போட்டுருவோம். இழுத்து விட்டுருவோம் அவன."

"இழுத்தா, நானும் கூடவே போவணுமேண்ணே. வாய்தா வாய்தாவுக்கு அவன் மூஞ்சியப் பாக்கணும். அந்த மூஞ்சி என்னயப் பாத்தாத்தான் அப்புடி ஆவுது."

"அப்ப, அவன் சொல்றாப்புல சும்மா கையெழுத்துப் போட்டுக் குடுக்கப் போறியா?"

"அதும் மாட்டேன்."

செல்லத்துரைக்குப் புரியவில்லை. மறுநாள் அவள் அவரைக் கூப்பிடாமல் தனியாகவே அந்த மாடிப்படி ஏறினாள். வக்கீல் குந்தவை அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை.

"என்னா வேணும்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க. விவாகரத்து வேணும். ஆனா நான் போடணும் கேச."

"ரெண்டு பேரும் சேந்து போட்டா ஆறு மாசம், அலைச்சல் இல்லாம முடிஞ்சுரும்மா. அதுக்கு நான்கூட வேணாம். எதுக்குத் தனியா?"

"அதுல என்னான்னு எழுதுவாங்க?"

"ரெண்டு பேரும் மனசொத்துப் பிரியுறோம்னு எழுதுவோம்."

"நான் மனசொத்து அந்த ஆளு போவலங்க. விட்டுட்டுப் போனாரு. ஒரு வார்த்தை சொல்லாமப் போனாரு. அத அப்புடியே எழுதணும். அத அவரு நீதிபதி முன்னால நின்னு ஆமான்னு சொல்லணும். வாயத் தெறந்து சொல்லணும்."

"வருஷத்துக்கு மேல ஆவும்."

"ஆவட்டுங்க."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பொம்பளைய இன்னும் கொஞ்ச நாள் காக்க வைக்கணும்னா?"

கனகா யோசித்தாள். மறைக்கத் தோன்றவில்லை.

"அதும் இருக்குங்க."

வக்கீல் சிரித்துவிட்டார். பிறகு தாளை எடுத்து, "அப்ப நீதான் மனுதாரர். பேரச் சொல்லு" என்றார்.

*

கனகா கேட்டபடிதான் நடந்தது. வீரையன் வழக்கை எதிர்க்கவில்லை. கோர்ட்டில் நின்று, "விட்டுட்டுப் போனது நெசந்தானா?" என்று கேட்டபோது, "நெசந்தாங்க. அதுங்கிட்ட சொல்லாமத்தான் போனேன். தப்புதாங்க" என்றான். இரண்டு மூன்று தரம் கேட்ட பிறகுதான் குரல் எடுபட்டது. கனகா அதைக் காது கொடுத்துக் கேட்டாள். அன்று ஊருக்குத் திரும்பும்போது நல்ல பசி எடுத்தது.

மறு வருஷம் ஐப்பசியில் தீர்ப்பு. காலையிலிருந்து தூறல். பூமிகா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேர் கூப்பிட்டு, உள்ளே போய், வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வக்கீல், "அவ்வளவுதான்மா, போயிட்டு வா" என்று அடுத்த கேசுக்கு ஓடினார். நகல் எப்போது கிடைக்கும் என்று கேட்க அவர் பின்னாலேயே பூமிகா போனாள். வராந்தாவில் கனகா மட்டும் நின்றாள். தூண் ஓரமாக வந்தான் வீரையன்.

"கனகா," என்றான். "பூமிகாவ மேல படிக்க வைக்கணும். அது என்னமோ டீச்சருக்குப் படிக்கணுங்குது."

"படிக்கட்டும்."

"படிக்கும். அது ஒன்னாட்டம். பிடிச்சா விடாது. அன்னைக்கிப் பாரு, காலேஜு வாசல்ல ஒருத்தன் வண்டிய ஏத்துறாப்புல வந்தான். இது என்னா பண்ணுச்சு தெரியுமா? அவன் சாவியப் புடுங்கிக் கையில வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தான். சாவியைப் பிடுங்கியது, வண்டிக்காரன் கெஞ்சியது, வாட்ச்மேன் வந்து நடுவில் மாட்டியது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். வாட்ச்மேன் நடையை நடந்து காட்டினான். சொல்லி முடித்துத் தோள் குலுங்கச் சிரித்தான். கடைவாயில் பல் இல்லாத இடம் தெரிந்தது.

கனகா அசையாமல் பார்த்தாள். அவள் புருஷனாக இருந்தவரை இல்லாத ஆள், அது முடிந்து கால் மணி நேரம் ஆவதற்குள் அவள் முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தான். அவளுக்கும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் எதிரே பார்த்தாள். வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வானதி நின்றாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் வீரையனின் சாப்பாட்டுப் பை. கூப்பிடவில்லை, வரவுமில்லை. மூக்குக்கண்ணாடியில் தூறல் விழுந்ததைத் துடைக்காமல் இவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடைப் பெஞ்சில் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று கனகாவுக்கு இப்போது தெரிந்தது.

ஒரத்தநாடு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. வீரையனும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுக் கிளம்பத் தயாராகத்தான் நின்றான்.

கனகா பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அங்கல்லாம் மழை எப்புடி?" என்று கேட்டாள். "ஆத்துல தண்ணி நெறையப் போவுதா?"

"அத ஏன் கேக்குற," என்று வீரையன் தூணில் சாய்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தான்.